அயோவா வெள்ளம்: சீடர் ராப்பிட்ஸ் நாட்குறிப்பு, ஜூன் 2008

ஜூன் 8, ஞாயிறு

நேற்று ஹிலாரி கிளிண்டன் அதிபர் வேட்பாளருக்கான போட்டியை நிறுத்திக்கொண்டு ஒபாமாவுக்கு ஆதரவு சொல்லிவிட்டார். இன்று பெட்ரோல் விலை நாடு முழுக்கச் சராசரியாக கேலனுக்கு 4 டாலரைத் தொட்டிருக்கிறது. இரண்டும் பெரிய செய்திதான். ஆனால் இந்த ஊரில் யாரும் அதைப் பேசவில்லை. கடையில், பெட்ரோல் பங்கில், பக்கத்து வீட்டு வாசலில், எங்கே நின்றாலும் மழைதான் பேச்சு.

சீடர் ராப்பிட்ஸ், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஊர், சிகாகோவிலிருந்து மேற்கே காரில் நான்கு மணி நேரம். அக்காவும் அத்தானும் இங்கே வடகிழக்குப் பக்கம், கொஞ்சம் மேடான பகுதியில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு டிவியில் காலையிலிருந்து உள்ளூர் ஒன்பதாம் சேனல், கே.சி.ஆர்.ஜி. தான். நிகழ்ச்சி எதுவானாலும் திரையின் மூலையில் அயோவாவின் 99 கவுண்டிகளும் (நம் மாவட்டம் மாதிரி) கோடு கோடாகத் தெரிகின்றன. எச்சரிக்கை வந்த கவுண்டிக்கு நிறம் மாறும். அக்கா சமையலறையிலிருந்தே கழுத்தை நீட்டி அந்த மூலையை மட்டும் பார்த்துக்கொள்கிறாள்.

நேற்று அத்தானின் அலுவலக நண்பர்கள் சேர்த்த துணிமணிகளைக் கொடுப்பதற்காக பார்க்கர்ஸ்பர்க் போயிருந்தோம். மே 25, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில் அந்தச் சிற்றூரின் தென்பாதியை டொர்னேடோ என்கிற சுழற்காற்று துடைத்துக்கொண்டு போனது. காற்றின் வேகம் மணிக்கு 205 மைல் என்று கணித்திருக்கிறார்கள். இருப்பதிலேயே கடுமையான இ.எஃப்.5 வகை. 1976-க்குப் பிறகு இந்த மாநிலம் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்க்கர்ஸ்பர்க்கிலும் பக்கத்து நியூ ஹார்ட்ஃபோர்டிலும் சேர்த்து ஒன்பது பேர் இறந்துவிட்டார்கள்.

இடிந்த வீடுகள் இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். வீடுகளே இல்லை. சிமென்ட் தளம், அதற்கு ஏறும் மூன்று படி, அப்புறம் ஒன்றுமில்லை. பட்டை உரிந்த மரக்கிளைகளில் தகரத்தைத் துணி பிழிந்ததுபோல் முறுக்கிச் சுற்றியிருந்தது காற்று. சுவருக்குள் வைக்கும் இளஞ்சிவப்புப் பஞ்சு வயல் வேலியெல்லாம் ஒட்டிக்கிடந்தது. டொர்னேடோ வந்தால் வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட்டுக்கு ஓடு என்பதுதான் இங்கே குழந்தைக்கும் தெரிந்த பாடம். பேஸ்மென்ட்டில் ஒளிந்திருந்தவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை. துணிப் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று பகலெல்லாம் மழை.

ஜூன் 9, திங்கள்

விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் டெல்டன் என்ற ஏரி இன்று காணாமல் போனது. படகுச் சவாரிக்கும் நீர்ச்சறுக்கு வித்தைக்கும் பேர்போன சுற்றுலா ஏரி, ஏறத்தாழ 270 ஏக்கர். கரைமேல் போகும் சாலையை வெள்ளம் அறுத்துவிட, மொத்தத் தண்ணீரும் சில மணி நேரத்தில் விஸ்கான்சின் ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. ஒரு வீடு அப்படியே சரிந்து, பிளந்து, தண்ணீரோடு போவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

அக்கா சானலை மாற்றச் சொன்னாள். அத்தான் மாற்றவில்லை. "அங்கே பெய்த மழைதான் இங்கேயும் பெய்யுது" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

கோரல்வில் அணை மறுகால் பாய்கிறது. இங்கிருந்து தெற்கே அயோவா சிட்டிக்கு மேலே, அயோவா ஆற்றில் கட்டிய அணை அது. நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 712 அடியைத் தொட்டால் மதகை யார் மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான், தண்ணீர் தானாகத் தாண்டிவிடும். இதற்கு முன் 1993 பெருவெள்ளத்தில் ஒரு முறை தாண்டியது. அன்றைக்கு வழிந்த தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு போனதில், அடியில் கடல் உயிரினங்களின் கற்படிவங்கள் நிறைந்த பழைய பாறைத்தளம் வெளியே வந்ததாம். வார இறுதியில் அதைப் பார்ப்பதாக இருந்தோம். இனி அது நடக்காது.

எங்கள் ஊர் ஆறு சீடர். மின்னசோட்டாவில் தொடங்கி, சீடர் ஃபால்ஸ், வாட்டர்லூ வழியாக இங்கே வருகிறது. சீடர் ராப்பிட்ஸுக்கு மேலே மட்டும் 6,500 சதுர மைல் நிலத்தின் மழை இந்த ஒரே ஆற்றில்தான் வடிய வேண்டும். போன குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்த்திருக்கிறது. வசந்தத்திலும் விடாத மழை. மண் குடிக்க முடிந்த மட்டும் குடித்துவிட்டது, இனிப் பெய்வதெல்லாம் நேரே ஆற்றுக்குத்தான். வழியில் சோள வயல்களைப் பார்த்தேன். வரிசைக்கு நடுவில் தண்ணீர் நின்று, பயிர் மஞ்சள் பூத்திருந்தது. சில வயல்களில் விதைப்பே நடக்கவில்லை.

வாட்டர்லூவில் ஒரு ரயில் பாலம் விழுந்துவிட்டதாகச் செய்தி. சீடர் ஃபால்ஸில் கடைத்தெருவைக் காக்க ஊரே மணல் மூட்டை அடுக்குகிறது. அங்கே இன்று ஓடும் தண்ணீர் ஓரிரு நாளில் நம் வாசலில் இருக்கும். தாமிரபரணிக்காரன் எனக்கு இது புது அனுபவம். 1992 நவம்பரில் எங்கள் ஆறு மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்தபோது யோசிக்கவே நேரம் தரவில்லை. இங்கே சமவெளி. வெள்ளம் வருவதை ஊர் ஊராக, நாள் கணக்கில், டிவியில் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஜூன் 11, புதன்

மாலை வரை ஆற்றைப் பற்றித்தான் செய்தி. கரையோரத் தெருக்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆற்றுக்கு மேல்பக்கம் இருக்கும் பேலோ என்ற சிறிய ஊர் மொத்தமாக வெளியேறுகிறது.

இரவுச் செய்தியில் வேறொன்று. மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், லோயஸ் குன்றுகளுக்கு நடுவே லிட்டில் சூ என்ற இடத்தில் சாரணர் முகாம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மாலை ஆறரை மணி வாக்கில் டொர்னேடோ நேரே அதன் மேல் விழுந்திருக்கிறது. பையன்கள் ஒதுங்கிய கட்டடத்தின் செங்கல் புகைபோக்கி சரிந்து, நான்கு பேர் இறந்துவிட்டார்கள். பதின்மூன்று, பதினான்கு வயது. மரங்கள் விழுந்து வழி அடைந்துபோனதால் உதவி வந்து சேரவே நேரமாகியிருக்கிறது. அதுவரை அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டதும் ரத்தத்தை நிறுத்தியதும் மற்றப் பையன்கள்தான். முதலுதவி அவர்கள் பயிற்சியில் உண்டு.

அக்கா மகனுக்குப் பதினோரு வயது. அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகும் அக்கா இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

போன வாரம் ஒரு ராத்திரி இங்கும் சைரன் ஊதியது. "டேய், செருப்பு இல்லை, ஷூ போட்டுக்கிட்டுக் கீழே வா" என்று அக்கா கத்தினாள். வீடு விழுந்தால் கண்ணாடிச் சில்லு, ஆணி மேல்தான் நடந்து வெளியேற வேண்டும், அதனால் ஷூ. கீழே படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெட்டி தயாராக இருந்தது: டார்ச், பேட்டரி ரேடியோ, தண்ணீர், பையனின் சைக்கிள் ஹெல்மெட். ரேடியோவில் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று நிமிடக் கணக்கில் சொல்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு கவுண்டி முழுக்க எச்சரிக்கை விடுவார்களாம். 2007 அக்டோபரிலிருந்து புயல் போகும் பாதையை மட்டும் கோணல் கட்டமாக வரைந்து காட்டுகிறார்கள். கட்டத்துக்குள் இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பதுதான் கேள்வி. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 12, வியாழன்

விடியும்போதே இடி. ஏற்கனவே நிரம்பிய ஊர் மேல் இன்று இன்னொரு மழை.

இந்த ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. நகராட்சி அலுவலகம், நீதிமன்றம், சிறை எல்லாம் ஆற்றின் நடுவே மேஸ் தீவு என்ற ஒரு துண்டு நிலத்தில் இருக்கின்றன. அதையும் கடைத்தெருவையும் காலைக்குள் தண்ணீர் பிடித்துவிட்டது. பாலத்தின் எடை கூடினால் வெள்ளம் அசைக்காது என்று கல் ஏற்றிய ரயில் பெட்டிகளை ஒரு ரயில் பாலத்தின் மேல் நிறுத்தியிருந்தார்கள். பெட்டிகளோடு சேர்த்துப் பாலத்தை ஆறு இழுத்துப் போட்டுவிட்டது. உச்சமட்டம் இவ்வளவு என்று வானிலைத் துறை சொல்லும் எண் ஒவ்வொரு அறிக்கையிலும் ஏறியது. இந்த ஆறு இதுவரை தொட்ட அதிகபட்சம் 20 அடி, 1851-லும் 1929-லும். காலி செய்யச் சொன்ன எல்லை முதலில் நூறாண்டு வெள்ளக் கோடு, அதாவது அவ்வளவு பெரிய வெள்ளம் எட்டும் என்று வரைபடத்தில் குறித்த எல்லை. பிறகு ஐந்நூறாண்டுக் கோடு. ஆறு அதையும் தாண்டும் என்கிறார்கள்.

டிவியில் அறிவிப்பாளர் தெருப் பெயர்களை வாசித்துக்கொண்டே இருக்கிறார். இந்தத் தெருவில் முழங்கால் அளவு, அந்தத் தெருவுக்குப் போகாதீர்கள், இந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம், நாய் பூனைகளை இங்கே கொண்டு வாருங்கள். அந்த நிலையமே கடைத்தெருவில்தான் இருக்கிறது, மின்சாரம் போய் ஜெனரேட்டரில் ஓடுகிறது. இப்படி ஒரு செய்தி வாசிப்பை நான் கேட்டதில்லை. கருத்து இல்லை, விவாதம் இல்லை, ஆவேசம் இல்லை. கேட்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான்.

மாலையில் ஒரு வேண்டுகோள் வந்தது. இந்த நகரம் குடிப்பது ஆற்றோரக் கிணற்றுத் தண்ணீர். ஆற்றுநீர் மணலிலும் சரளையிலும் வடிந்து கிணற்றில் ஊறும். அந்தக் கிணறுகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, பெரிய கிணறுகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதன் மோட்டாரும் ஜெனரேட்டரும் முங்கினால் நகரத்துக்கே சொட்டுத் தண்ணீர் இல்லை. எட்ஜ்வுட் சாலைக்கு வாருங்கள் என்றார்கள். அத்தான் எழுந்தார், நானும் கிளம்பினேன்.

நூற்றுக்கணக்கில் கூட்டம். யார் தலைவர் என்று தெரியவில்லை, ஆனால் எல்லாம் நடந்தது. எனக்கு மூட்டை கட்டச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் படிக்கும் ஒரு பெண். பைக்குள் மணலை முட்ட நிரப்பக்கூடாது. பாதிக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான். நிரம்பிய பை விறைத்துக்கொண்டு நிற்கும், இடுக்கில் தண்ணீர் நுழையும். தளர்ந்த பைதான் பக்கத்துப் பையோடு படிந்து உட்காரும். வாயைக் கட்ட வேண்டாம், மடித்து அடியில் கொடுத்தால் போதும். செங்கல் அடுக்குவதுபோல் மேல்வரிசைப் பை கீழ்வரிசை இரண்டின் மேலும் படிய வேண்டும், ஒவ்வொரு வரிசையையும் காலால் மிதித்துவிட வேண்டும். அவள் மண்வெட்டி போட, நான் பையைப் பிடிக்க, அத்தான் வரிசையில் நின்று கைமாற்றினார். ஈர மணல் கனம், விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்துவிட்டது. போதும், கிணறு தாங்கும் என்று சொன்ன பிறகுதான் கூட்டம் கலைந்தது.

ஜூன் 13, வெள்ளி

காலை பத்தே கால் மணி அளவில் ஆறு உச்சத்தைத் தொட்டது: 31.12 அடி. பழைய அதிகபட்சத்துக்கு மேல் பதினோரு அடி. நகரத்தில் ஏழில் ஒரு பங்கு தண்ணீருக்குள். குவேக்கர் ஓட்ஸ் ஆலை, பொது நூலகம், பாரமவுண்ட் திரையரங்கு, செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பழைய தெரு, அவர்களுடைய அருங்காட்சியகம் எல்லாம் போயிற்று.

மெர்சி மருத்துவமனைக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. இரவோடு இரவாக 176 நோயாளிகளை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்து வேறு இடங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் பொதுமக்கள் விடிய விடிய மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் இந்த நகரத்தில் வெள்ளத்தில் யாரும் சாகவில்லை. என் மனதில் நிற்கிற செய்தி அதுதான்.

கிணறு தப்பியது. ஆனால் வழக்கமான தண்ணீரில் கால் பங்குதான் கிடைக்கும், குடிக்க மட்டும் பயன்படுத்துங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். குளியல் கிடையாது, துணி துவைப்பது கிடையாது. அக்கா அரிசி களைந்த தண்ணீரை வாளியில் ஊற்றிக் கழிப்பறைக்கு வைத்துவிட்டாள். ஒரே குக்கரில் சாதமும் பருப்பும், காகிதத் தட்டில் சாப்பாடு, தொட்டுக்கொள்ள ஊறுகாய். யாரும் வந்து கண்காணிக்கப் போவதில்லை. இருந்தும் தெருவில் ஒரு வீட்டிலும் புல்லுக்குத் தண்ணீர் அடிக்கும் சத்தம் இல்லை.

காலையில் தேசியச் செய்திச் சேனல்களிலும் எங்கள் ஊர்தான். மதியத்துக்கு மேல் என்.பி.சி. தொலைக்காட்சியின் டிம் ரஸ்ஸர்ட் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே மாரடைப்பில் காலமான செய்தி வந்தது. பெரிய பத்திரிகையாளர், வயது 58 தான். அதன் பிறகு மணிக்கணக்கில் எல்லா இடத்திலும் அவர் நினைவுகள். அவருக்கு அது தகும். ஆனாலும் கூரை மட்டும் தெரியும் வீடுகளை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. திரும்ப ஒன்பதாம் சேனலுக்கு வந்தோம். அங்கே தெருப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஜூன் 14, சனி

தெற்கே அயோவா சிட்டிக்குப் போகும் 380 நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். அங்கே பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்திலிருந்து மாணவர்களும் ஊர்க்காரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று, புத்தகங்களைக் கைமாற்றி மேல்மாடிக்கு ஏற்றுகிறார்கள். தலைநகர் டெமாய்னில் ஒரு கரை உடைந்தது. ஒபாமா இல்லினாய் பக்கம் குவின்சியில் மணல் மூட்டை நிரப்புவதைக் காட்டினார்கள்.

நாள் முழுக்கக் களைப்பு. தூங்கினேன்.

ஜூன் 16, திங்கள்

தண்ணீர் வடிந்த தெருக்களுக்கு வீட்டுக்காரர்களை உள்ளே விடுகிறார்கள். சோதனைச் சாவடியில் நீண்ட வரிசை, கோபம், அழுகை. ஆய்வாளர்கள் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அட்டை ஒட்டுகிறார்கள்: பச்சை என்றால் நுழையலாம், மஞ்சள் என்றால் பார்த்துப் போக வேண்டும், சிவப்பு என்றால் நுழையவே கூடாது.

அத்தானோடு வேலை செய்பவர் ஒருவருக்கு டைம் செக் பகுதியில் வீடு. ஆற்றுக்கு மேற்கே, உழைக்கும் மக்கள் தலைமுறையாக வாழும் இடம். அவர் வீட்டுக்கு மஞ்சள் அட்டை. முதலில் வந்தது வாடை. சாக்கடை, டீசல், அழுகிய இறைச்சி எல்லாம் கலந்து தொண்டையில் நிற்கிறது. ஃபிரிட்ஜ் மல்லாந்து சமையலறை வாசலை அடைத்துக் கிடந்தது. சுவரில் என் தலைக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு, அதற்குக் கீழே இருந்த எதுவும் தேறாது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று அத்தான் கேட்டார். இல்லை. வங்கிக் கடன் வாங்கிய வீடு நூறாண்டு வெள்ளக் கோட்டுக்குள் இருந்தால் வெள்ள இன்ஷூரன்ஸ் கட்டாயம். இவர் வீடு அதற்கு வெளியே. தேவையில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருடத்துக்கு ஒரு முறை வருவது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் எந்த வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் கணக்கு. இந்த வருடம் வந்தால் அடுத்த வருடம் வராது என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. இப்படி ஒரு கோட்டை வரைந்து, அதற்கு வெளியே இருப்பவர்களை நிம்மதியாக இரு என்று விட்டுவிடுவது அநியாயம். அந்த மனிதர் முப்பது வருடச் சம்பாத்தியத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவோரம் கொட்டுவதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அங்கிருந்து பக்கம்தான் மதர் மாஸ்க். 1934-ல் கட்டிய சிறிய பள்ளிவாசல். வட அமெரிக்காவில் பள்ளிவாசலாகவே கட்டி இன்றும் நிற்பவற்றில் மிகப் பழையது இதுதான். அதன் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்து, பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த ஆவணங்கள் போய்விட்டன.

ஜூன் 19, வியாழன்

இன்று அதிபர் புஷ் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஹெலிகாப்டர் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. 99 கவுண்டிகளில் 83-ஐ ஆளுநர் பேரிடர்ப் பகுதியாக அறிவித்திருக்கிறார். சோள விலை புஷெலுக்கு (இங்கே தானியம் அளக்கும் அளவு, ஏறத்தாழ 25 கிலோ) 7 டாலரைத் தாண்டிவிட்டது. உச்சநேரத்தில் சீடர் ஆற்றில் ஓடியது விநாடிக்கு ஏறத்தாழ 1.4 லட்சம் கன அடி.

அந்தத் தண்ணீரெல்லாம் இப்போது மிசிசிப்பியில். 14-ஆம் தேதி ஓக்வில்லில் கரை உடைந்தபோது, பண்ணைகளிலிருந்து நீந்தித் தப்பிய பன்றிகள் கரை மேல் ஏறி நின்றன. அவற்றின் குளம்பு பட்டு மிச்சக் கரையும் சிதையும் என்று பல பன்றிகளைச் சுட வேண்டியதாயிற்று. 17-ஆம் தேதி ஆற்றுக்கு அக்கரையில் இல்லினாயின் கல்ஃப்போர்ட்டில் உடைந்தது. இன்றைய செய்தியில் இன்னும் தெற்கே, மிசூரிக் கரையூர்கள். அங்கேயும் மூட்டை அடுக்குகிறார்கள், அங்கேயும் உள்ளூர்ச் சேனலில் யாரோ தெருப் பெயர்களை வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

டைம் செக் வீட்டுக்கு நாளைக் காலை ஏழு மணிக்குப் போகிறோம். சுவரில் பதித்த அட்டைப் பலகையை எல்லாம் உடைத்து எடுத்து, மரச்சட்டம் தெரியும்வரை காலி செய்து, பிளீச் போட்டுத் தேய்க்க வேண்டும். சட்டம் காயாமல் மூடினால் பூஞ்சை பிடித்துவிடும். ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, மாஸ்க் எல்லாம் வாங்கிவிட்டோம். டெட்டனஸ் ஊசியும் இன்று மாலை போட்டுக்கொண்டாயிற்று.